சீழில் நாற்றம், அறிக்கையில் "வளர்ச்சி இல்லை": மூளைச் சீழ்க்கட்டியும் காற்றில்லா பாக்டீரியாவும்

மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஊசியை இறக்கிச் சீழை உறிஞ்சும்போதே சில நேரம் அறுவை அரங்கு முழுக்க நாறும். முகக்கவசத்துக்கும் அடங்காத, அழுகிய நாற்றம். மூன்று நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து தாள் வரும்: "கிருமி வளர்ச்சி இல்லை." வீட்டார் அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்டில் கேட்பார்கள்: "கிருமியே இல்லைன்னு போட்டிருக்கே சார், அப்புறம் எதுக்கு ஆறு வாரம் ஊசி?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்த நாற்றத்திலேயே இருக்கிறது. நாறுகிற சீழில் எதுவும் வளரவில்லை என்றால், காற்றுப்பட்டால் சாகும் கிருமிகள் அதில் இருந்தன, வளர்ப்புத் தட்டுக்கு வருமுன்பே செத்துவிட்டன என்றுதான் முதலில் எண்ண வேண்டும். மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் இந்த நோயை அடையாளம் காண்பதில் தொடங்கி, மருந்தைப் பாதியில் நிறுத்துவது வரை நேரும் பல தவறுகளுக்கு அடியில் இந்த ஒரு விஷயம் புரியாமல் இருப்பதே கிடக்கிறது.

ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் உயிர்கள் உண்டென்று லூயி பாஸ்டர் 1861-ல் கண்டறிந்தார். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காற்றில்லா பாக்டீரியா ரணஜன்னியை உண்டாக்குவது. ஆணி குத்தினால் ஊசி போட ஓடுவது அதற்காகத்தான். அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மூளைச் சீழில் இருப்பவை வேறு குடும்பம். ஃபியூசோபாக்டீரியம், பிரிவோட்டெல்லா, போர்ஃபைரோமோனாஸ், பாக்டீராய்ட்ஸ், பார்விமோனாஸ் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. இவற்றுக்கு வித்து கிடையாது. நம் வாயிலும் குடலிலும் காலமெல்லாம் குடியிருப்பவை, வெளிக்காற்றில் நெடுநேரம் தாங்காதவை. செல்லுக்குள் புகும் ஆக்ஸிஜன் நச்சுத்தன்மை உள்ள துணைப்பொருள்களாக, உதாரணமாக ஹைட்ரஜன் பெராக்சைடாக, மாறும். அதை முறிக்கும் நொதிகள் நம்மிடம் நிறைய உண்டு. இவற்றிடம் இல்லை, அல்லது போதுமான அளவு இல்லை.

வாய் திறந்தபடி இருக்கிறது, மூச்சுக் காற்று போய்வருகிறது, அங்கே இவை எப்படிப் பிழைக்கின்றன? கோடையில் வற்றும் கண்மாயை நினைத்துப் பாருங்கள். மேலே மண் வெளுத்துக் காய்ந்திருக்கும். காலை அழுத்தினால் உள்ளே கறுப்புச் சேறு, கிளறினால் மூக்கைத் துளைக்கும் வாடை. மேல் அடுக்கில் இருக்கும் உயிர்கள் வருகிற ஆக்ஸிஜனையெல்லாம் தின்று தீர்ப்பதால் கீழ் அடுக்கு காற்றில்லாததாகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள குறுகிய பள்ளத்திலும் இதுவே நடக்கிறது. காற்றிலும் காற்றில்லாமலும் வாழத் தெரிந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மேலே அமர்ந்து ஆக்ஸிஜனைக் குடிக்கிறது, அதன் நிழலில் காற்றில்லாதவை பெருகுகின்றன. அந்தப் பள்ளத்தில் காற்றில் வாழும் பாக்டீரியா ஒன்றுக்குக் காற்றில்லாதவை ஆயிரம் என்பது பாடநூல் கணக்கு. பெருங்குடலிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான்.

இந்தக் கூட்டு மூளைக்குள்ளும் அப்படியே போகிறது. சீழ்க்கட்டியில் ஒரே ஒரு கிருமி இருக்கும் என்ற எண்ணம் பல நோயாளிகளுக்குப் பொருந்தாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்டர்மீடியஸ் திசுக்களைப் பிணைக்கும் பசையைக் கரைக்கும் நொதியைச் சுரந்து வழி திறக்கிறது. நூல்போல் நீண்ட ஃபியூசோபாக்டீரியம் பல இனங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பாலமாகிறது. காற்றில்லாதவை வெளியிடும் சக்சினிக் அமிலம் போன்றவை, விழுங்க வரும் வெள்ளணுக்களை மந்தமாக்குகின்றன. தனியாக விட்டால் நோய் உண்டாக்க முடியாத கிருமிகள்கூட சேர்த்து விட்டால் கட்டியை உண்டாக்குவதை விலங்குச் சோதனைகள் பல காட்டியுள்ளன.

மூளைக்குள் எப்படி?

உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு ரத்தம் பாயும் இடத்தில், காற்றுப்பட்டால் சாகும் கிருமிக்கு என்ன வேலை? நலமாக இருக்கும் மூளையில் வேலையில்லை. முதலில் ஓரிடத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டு, ஒரு துளி திசுவாவது ஆக்ஸிஜன் இல்லாமல் சாக வேண்டும். அந்த இடத்தில்தான் இவை கால் ஊன்றுகின்றன.

முகம், காது, பல், சைனஸ் பகுதிகளின் சிரைகள் மண்டையோட்டை ஊடுருவி மூளை உறைக்குள் போகின்றன. இவற்றில் பெரும்பாலும் வால்வுகள் கிடையாது, ரத்தம் இரு பக்கமும் ஓடலாம். காதில் புண் இருந்தால் அதை ஒட்டிய சிரையில் கிருமி கலந்த ரத்தக்கட்டு உண்டாகி, உள்நோக்கி நீண்டு, மூளையின் சிறு சிரையை அடைக்கும். அடைபட்ட பகுதி சாகும், கிருமிக்கு இடம் தயார்.

அதன்பின் நடப்பதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. முதல் ஒன்பது நாள் வரை அது கட்டி இல்லை, எல்லை தெரியாத வீக்கம், மூளைத் திசு மென்மையாகிச் சிதையும் அழற்சி. பத்தாம் நாள் வாக்கில் சுற்றிலும் உறை பின்னத் தொடங்கும், பதினான்கு நாளுக்குமேல் உறை முற்றும். உறை எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் அமையாது. மேற்பரப்பை நோக்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் அதிகம், அங்கே உறை தடிப்பாகும். மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளை நோக்கிய பக்கம் மெலிந்தே இருக்கும். அதனால் கட்டி உடைந்தால் பெரும்பாலும் உள்நோக்கி, நீர் அறைக்குள்தான் உடையும். இந்த நோயில் உயிரைப் பறிக்கும் தருணங்களில் மிகக் கொடியது அதுதான்.

காது

நம் பகுதியில் காதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். நாட்பட்ட காதுச் சீழ் மிகுதியாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவை உலக சுகாதார நிறுவனம் 2004-ம் ஆண்டு அறிக்கையில் வைத்தது. மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் என்பது அந்த வரிசைக்கான அளவுகோல். உசிலம்பட்டிப் பக்கமோ கமுதிப் பக்கமோ எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் காதில் பஞ்சு வைத்த பிள்ளை ஒன்றாவது கண்ணில் படும். "பெரியவனானா தானா நின்னுரும்" என்று விட்டுவிடுவார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றுவார்கள், கோழி இறகால் குடைவார்கள், ஊக்கால் சுரண்டுவார்கள். பிள்ளை மறுநாள் கண்மாயில் குதிக்கும்.

காதுச் சீழ் இரண்டு வகை என்பதை வீட்டில் இருப்பவர்களே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். சளி பிடிக்கும்போதெல்லாம் நிறைய வடிந்து, நூல்போல் நீண்டு, வாடை இல்லாமல் இருப்பது பெரும்பாலும் செவிப்பறையின் நடுவில் ஓட்டை உள்ள வகை. அதற்கும் மருத்துவம் தேவை, ஆனால் மூளைவரை போகும் அபாயம் குறைவு. கொஞ்சமாக, நாளெல்லாம் கசிந்து, தலையணை உறையே நாறும்படி இருப்பது மற்றொன்று. அதில் செவிப்பறையின் ஓரத்திலோ மேற்பகுதியிலோ தோல் உள்நோக்கிப் பையாக இழுக்கப்பட்டிருக்கும். செத்த தோல் செதில்கள் அந்தப் பைக்குள் அடுக்கடுக்காகச் சேரும். கொலஸ்டீடோமா என்பது இதன் பெயர். ரத்தமும் போகாத, காற்றும் போகாத அந்தச் செதில் குவியல் காற்றில்லா பாக்டீரியாவுக்கு உகந்த வீடு. நாற்றம் அவற்றுடையதே. இந்தப் பை எலும்பை அரிக்கும் குணம் உடையது. நடுக்காதின் கூரை மெல்லிய ஓர் எலும்புத் தகடு. அதற்கு மேலே மூளையின் பொட்டுப் பகுதி மடல், பின்சுவருக்கு அப்பால் சிறுமூளை. காதிலிருந்து வரும் கட்டிகள் இந்த இரண்டு இடத்தில் அமைவதற்குக் காரணம் இந்த அமைப்பே. கிருமிகளில் பாக்டீராய்ட்ஸ், காற்றில்லா காக்கஸ் (உருண்டை வடிவ) வகைகள், அவற்றோடு புரோட்டியஸ், சூடோமோனாஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று கலந்தே இருக்கும்.

பல வருடம் சீழ் வடிந்த காது திடீரென்று வடிவது நின்று, அதோடு தலைவலி தொடங்கினால் அதை ஆறிய அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிவழி அடைபட்டுச் சீழ் உள்நோக்கித் திரும்பியிருக்கலாம். வாந்தி, மயக்கமான தூக்கம், நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கம் முகம் கோணுவது, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் சொட்டுமருந்து வாங்கிப் பார்க்கும் நேரம் கடந்துவிட்டது. அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். தேனிப் பக்கத்தவர்களுக்கு க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு, மற்றவர்கள் பெரும்பாலும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார்கள். எங்கே போனாலும், "காதுல ரொம்ப நாளா சீழ் வடியும்" என்ற ஒரு வரியை முதலில் சொல்லிவிட வேண்டும். வலிப்போடு மயங்கி வந்தவரிடம் காதைப் பற்றி யாரும் சொல்லாததால் நாட்கள் வீணாவது உண்டு.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். சைனஸிலிருந்தும் பல்லிலிருந்தும் வருபவை பெரும்பாலும் மூளையின் முன்மடலில் அமர்கின்றன. சொத்தை விழுந்த கடைவாய்ப் பல், வேரில் சீழ், வெற்றிலை புகையிலையால் கரைந்த ஈறு ஆகியவற்றைக் கட்டிக்குக் காரணம் தெரியாத ஒவ்வொருவரிடமும் தேடிப் பார்க்க வேண்டும். நெஞ்சில் சீழ், காசநோய் ஆறிய பின் விரிந்து கிடக்கும் மூச்சுக்குழாய், இவை ரத்தம் வழியாக ஒரே நேரத்தில் பல கட்டிகளை உண்டாக்கக்கூடும்.

பிறவி இதயக் கோளாறால் உதடும் நகமும் நீலம் பாய்ந்த பிள்ளைகள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். பல் விளக்கும்போதும் மெல்லும்போதும் எல்லோருடைய ரத்தத்திலும் சிறிது கிருமி கலக்கும். நுரையீரலின் நுண்குழாய்கள் அதை வடிகட்டிவிடும். இதயத்தில் வலப்பக்க ரத்தம் நுரையீரலைத் தொடாமலே இடப்பக்கம் கலக்கும் பிள்ளைக்கு அந்த வடிகட்டி இல்லை. போதாக்குறைக்கு, ஆக்ஸிஜன் குறைவை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூட்டுவதால் ரத்தம் கெட்டியாகி, மூளையின் நுண்குழாய்களில் அங்கங்கே தேங்கும். முன்னே சொன்ன செத்த துளி திசு அப்படி உண்டாகிறது. இரண்டு வயதுக்குக் கீழ் இது அரிது. அதற்கு மேற்பட்ட, நீலம் பாய்ந்த பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால், காய்ச்சல் இல்லையென்றாலும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை. அந்தப் பிள்ளையின் பல்லைப் பார்த்துக்கொள்வது இதய மருத்துவத்தின் ஒரு பகுதி.

காய்ச்சல் இல்லாமலும்

தலைவலி, காய்ச்சல், ஒரு கை கால் விளங்காமை அல்லது பேச்சுக் குழறல், இந்த மூன்றும் சேர்ந்தால் மூளைச் சீழ்க்கட்டி என்று பழைய பாடம். 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உலகெங்கும் பதிவான 9,699 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தலைவலி 69 விழுக்காட்டினருக்கு, காய்ச்சல் 53 விழுக்காட்டினருக்கு, நரம்புக் குறைபாடு 48 விழுக்காட்டினருக்கு இருந்தது. மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 20 விழுக்காடு மட்டுமே. மூன்றுக்காகவும் காத்திருந்தால் ஐந்தில் நான்கு பேரைத் தவறவிடுவோம்.

ஸ்கேனில் கட்டி ஒரு வளையமாகத் தெரியும். நம் ஊரில் வளையத்துக்குக் காரணங்கள் பல. காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் லார்வாக் கட்டி, புற்றுநோய்க் கட்டி எல்லாமே வளையம் காட்டும். வளையத்தைக் கண்டவுடன் காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டுப் பொறுத்திருப்பது சீழ்க்கட்டிக்காரருக்கு ஆபத்து. எம்.ஆர்.ஐ.யில் நீர்மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் படம் இங்கே பெரிதும் கைகொடுக்கும். கெட்டியான சீழுக்குள் நீர் நகர முடியாததால் நடுப்பகுதி பளிச்சென்று வெளுத்துத் தெரியும். புற்றுநோய்க் கட்டியின் நடுவில் பெரும்பாலும் அப்படித் தெரியாது. காசநோய்ச் சீழும் சில நேரம் வெளுக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

இதே இயந்திரத்தில் கட்டிக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை, கத்தி வைக்காமலே அளக்கும் நிறமாலை முறை ஒன்று உண்டு. காற்றில்லா பாக்டீரியா சர்க்கரையையும் புரதத்தையும் புளிக்கவைத்து அசிட்டேட்டையும் சக்சினேட்டையும் கழிவாக விடும். வரைபடத்தின் கிடைக்கோட்டில் 1.92 பி.பி.எம். இடத்தில் அசிட்டேட்டும் 2.4-ல் சக்சினேட்டும் கூர்முனையாக எழும்பினால், உள்ளே காற்றில்லாதவை இருக்கின்றன என்பதற்கு வலுவான சான்று. இதை வகைப்படுத்திக் காட்டியதில் லக்னோ ஆய்வாளர்களின் பங்கு பெரிது, அவர்களுடைய ஆய்வு 2004-ல் வந்தது. மருந்து ஆரம்பித்துச் சில நாளானால் இந்த முனைகள் தணிந்துவிடும். அதனால் எடுப்பதாக இருந்தால் முதலிலேயே எடுக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதை இந்த நோயில் தவிர்க்க வேண்டும். மேலே அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரை வெளியேற்றினால் மூளை கீழ்நோக்கிச் சரிந்து மூச்சு நின்றுவிடலாம். அந்த நீரில் கிருமி பெரும்பாலும் கிடைப்பதும் இல்லை.

சீழைக் கையாளும் கை

அறிக்கை பொய்க்கும் இடம் இதுதான், அதனால் படிப்படியாகவே சொல்ல வேண்டும்.

பஞ்சுக்குச்சியில் தொட்டு எடுத்த சீழ் காற்றில்லா வளர்ப்புக்கு உதவாது. பஞ்சின் இழைகளுக்குள் காற்று இருக்கிறது, சீழும் காய்ந்துவிடும். சிரிஞ்சில் குறைந்தது இரண்டு மில்லியாவது எடுக்க வேண்டும். குமிழி இல்லாமல் காற்றை வெளியேற்றி, ஊசியைக் கழற்றி, முனையை மூடி போட்டு அடைக்க வேண்டும். பிளாஸ்டிக் சிரிஞ்சின் சுவர் வழியாகவும் ஆக்ஸிஜன் மெல்ல ஊறும், ஆகவே அரைமணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். முடியாது என்றால் அரங்கிலேயே சமைத்த இறைச்சி ஊடகக் குழாயின் (காற்றில்லாதவற்றை வளர்க்கும் இறைச்சித் துணுக்குக் குழம்பு) அடியில் சீழை விட வேண்டும். அதுவும் இல்லையென்றால் ரத்தக் கிருமி வளர்ப்புக்கு வைத்திருக்கும் காற்றில்லா குப்பியின் ரப்பர் மூடியைத் துடைத்து, ஊசியால் குத்தி உள்ளே செலுத்தலாம். சிறு மருத்துவமனைகளுக்கு இந்தக் கடைசி வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். குப்பியை முன்கூட்டியே கேட்டு வாங்கி அரங்கில் வைத்திருப்பது ஒன்றுதான் அதற்குத் தேவையான ஏற்பாடு.

மாதிரியை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிர்ந்த திரவத்தில் ஆக்ஸிஜன் அதிகம் கரையும், குளிரே சில இனங்களைக் கொல்லும். "கெட்டுப்போகாம இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தில் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது நடக்கிறது. மறுபக்கம், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்து ஊர் சுற்றி வரும் சீழில் வேகமாகப் பெருகும் மற்றக் கிருமிகள் காற்றில்லாதவற்றை மூழ்கடித்துவிடும். சாதாரண அறை வெப்பத்தில், நேராக, வேகமாக. வேறு ஊருக்குக் கூரியரில் அனுப்பும் வெறும் சிரிஞ்சிலிருந்து காற்றில்லாதவை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

அடுத்தது மருந்து. சீழ் எடுக்கும் முன்பே நாலைந்து நாள் ஆன்டிபயாடிக் ஏறியிருந்தால் வளர்ச்சி கிடைப்பது கடினம். நோயாளி தெளிவாக இருந்து, அன்றே சீழ் எடுக்க முடியுமானால் மருந்தைச் சில மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். மயக்கமாகவோ, கட்டி உடைந்தோ, ரத்தத்தில் கிருமி பரவியோ வந்தவருக்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, மருந்துதான் முதலில்.

ஆய்வகத்தில் முதலில் பார்க்க வேண்டியது கிராம் சாயக் கண்ணாடி, அதாவது சீழைத் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் துண்டு. அதை ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட முடியும். இரு முனையும் கூரான மெல்லிய கம்பிகள் ஃபியூசோபாக்டீரியத்தைக் காட்டும். வெளிறிய, அளவு ஒத்துவராத சிறு கம்பிகள், சங்கிலியாக உருண்டைகள், எல்லாம் ஒரே கண்ணாடியில் இருந்தால் அது காற்றில்லாக் கலவை என்று எழுதிவிடலாம். கண்ணாடியில் மூன்று வடிவம் தெரிந்து, தட்டில் ஒன்றுதான் வளர்ந்தது என்றால் மீதி இரண்டையும் நாம் தவறவிட்டோம் என்றே அர்த்தம். அந்த முரணை அறிக்கையில் எழுதாமல் வளர்ந்ததை மட்டும் எழுதுவது, டாக்டரைத் தவறான மருந்துக்குத் தள்ளும்.

சமைத்த இறைச்சி ஊடகம் அலமாரியில் பழையதாகியிருந்தால், கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து உள்ளே கரைந்த ஆக்ஸிஜனை விரட்டி, ஆறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஹீமினும் வைட்டமின் கே-யும் சேர்த்த ரத்த அகார் தட்டில் தேய்த்து, தாமதிக்காமல் ஆக்ஸிஜனை நீக்கி மூடும் ஜாடிக்குள் வைக்க வேண்டும். முதல் தேய்ப்பின் மேல் ஐந்து மைக்ரோகிராம் மெட்ரோனிடசோல் வில்லையை வைத்தால், அதைச் சுற்றி வளராத வட்டம் விழுவது காற்றில்லாதவை இருப்பதன் விரைவான குறிப்பு. ஜாடிக்குள் மெத்திலீன் நீலக் குறிகாட்டி நிறம் இழந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் ஜாடி கசிகிறது, அந்த வளர்ப்பு செல்லாது. பிறகு 48 மணி நேரம் திறக்கவே கூடாது. 24 மணி நேரத்தில் திறந்து எட்டிப் பார்ப்பது மிகப் பரவலான தவறு. மெல்ல வளர்பவை பெருகத் தொடங்கும் முன்பே காற்றுப்பட்டுச் செத்துவிடும். ஏழு நாள் வரை வைத்திருக்க வேண்டும், ஆக்டினோமைசிஸ் என்ற மெல்ல வளரும் பாக்டீரியா பற்றிய ஐயம் இருந்தால் பதினான்கு நாள். அதே சீழில் கொஞ்சம் காசநோய் மரபணுச் சோதனைக்கும் பூஞ்சைக்கும் ஒதுக்கிவிடுவது நம் ஊரில் கட்டாயம்.

இத்தனையும் செய்ய வசதி இல்லாத ஆய்வகங்கள் பல. அது குற்றமில்லை. ஆனால் "வளர்ச்சி இல்லை" என்பதன் கீழ் "காற்றில்லா வளர்ப்பு செய்யப்படவில்லை" என்று ஒரு வரி சேர்க்க எந்தக் கருவியும் தேவையில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகெங்கும் ஏராளமான மூளைச் சீழ்கள் கிருமியற்றவை என்றே பதிவாயின. ஹைன்மன், பிரவுடி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அடுத்தடுத்து வந்த 18 நோயாளிகளின் சீழைக் காற்றுப்படாமல் கவனமாக வளர்த்து, பெரும்பாலோரிடம் காற்றில்லாதவை இருப்பதை 1963-ல் வெளியிட்டார்கள். கிருமி உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லாத 16எஸ் மரபணு வரிசையாக்கம் (பாக்டீரியாவின் ஒரு மரபணுவைப் படித்து இனத்தை அறியும் சோதனை) வந்தபின், வளர்ப்பில் ஒன்றோ இரண்டோ காட்டிய சீழில் வாயைச் சேர்ந்த பல இனங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. வசதி உள்ள இடங்களில் வளர்ச்சி இல்லாத சீழை இந்தச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. அதற்காகவே சிறிதளவு சீழை உறையவைத்து எடுத்து வைக்கலாம்.

மருந்து ஏன் இரண்டு

மருத்துவமனைக்கு வெளியிலேயே உண்டான சீழ்க்கட்டிக்கு உலகெங்கும் முதலில் தொடங்குவது செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஒரு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக், அதோடு மெட்ரோனிடசோல். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணிக்கொரு முறை, மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் 6 முதல் 8 மணிக்கொரு முறை. குழந்தைக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் கணக்கு வேறு. நாறும் காதிலிருந்து வந்த கட்டி என்றால் சூடோமோனாஸையும் அடக்கும் மருந்து தேவைப்படலாம்.

வயிற்றுப்போக்குக்கு வாங்கும் அதே மாத்திரை எப்படி மூளைக்குள் வேலை செய்கிறது? மெட்ரோனிடசோல் சிறிய மூலக்கூறு, மூளையின் தடுப்பைத் தாண்டிக் கட்டியின் சீழுக்குள்ளும் நன்றாக ஊறும். உள்ளே போனபின், காற்றில்லா செல்லில் உள்ள எலக்ட்ரான் கடத்தும் புரதங்கள் அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து நச்சாக மாற்றுகின்றன. அந்த நச்சு கிருமியின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. ஆக்ஸிஜன் உள்ள செல்லில் இந்த மாற்றம் நிலைப்பதில்லை. காற்றில்லாமையைப் பலமாகக் கொண்ட கிருமியை அந்தப் பலத்தைக் கொண்டே வீழ்த்தும் மருந்து இது. இந்தக் குணம் தெரிய வந்ததும் ஒரு தற்செயலால். வேறொரு தொற்றுக்கு இதை உட்கொண்ட ஒரு பெண்ணின் ஈறுப்புண் ஆறியதைக் கவனித்து 1962-ல் எழுதினார்கள்.

அதே காரணத்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இது எதுவும் செய்யாது, ஆக்டினோமைசிஸுக்கும் செய்யாது. அதனால்தான் செஃப்ட்ரியாக்சோன் கூட வேண்டும். அறிக்கையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் வளர்ந்திருக்கிறது என்று மெட்ரோனிடசோலை நிறுத்துவது, காதும் பல்லும் மூலமாக உள்ள கட்டியில் பெரும் பிழை. ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஊசிகள் செல்லுக்குள் நுழையவே ஆக்ஸிஜன் வேண்டும், அமிலச் சீழில் வலுவிழக்கும். காற்றில்லாதவற்றுக்கு அவை பயனற்றவை.

ஆறு முதல் எட்டு வாரம் என்பது சீழை உறிஞ்சியவருக்கும் மருந்தால் மட்டும் ஆற்றுபவருக்கும் உள்ள கணக்கு. உறையோடு முழுக்க வெட்டி எடுத்தால் நான்கு வாரம் போதலாம். சிறுநீர் செம்பழுப்பாகப் போவதும் வாயில் உலோகச் சுவையும் மெட்ரோனிடசோலின் வழக்கமான விளைவுகள், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. மொத்த அளவு 42 கிராமைத் தாண்டும்போது, அதாவது ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம் வீதம் நான்கு வாரம் கடக்கும்போது, கால் விரல்களில் எரிச்சலும் மரப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சிலருக்குப் பேச்சுக் குழறலும் தள்ளாட்டமும் வரும், எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையின் இரு பக்கமும் சமச்சீராக வெளுத்துத் தெரியும். இதைக் கட்டி திரும்ப வந்ததாக எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டினால் நிலை மோசமாகும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். வலிப்புக்குப் பெனிட்டாயின் எடுப்பவரிடம் இரண்டு மருந்தும் ஒன்றின் அளவை மற்றொன்று மாற்றும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து எடுப்பவருக்கு மெரோபீனம் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினால் வால்ப்ரோயேட் அளவு சரிந்து வலிப்பு திரும்பும், அந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது. குடிப்பழக்கம் உள்ளவரிடம் மருந்து முடிந்து மூன்று நாள் வரை தொடக் கூடாதென்று வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும்.

மருந்து எவ்வளவு நல்லதானாலும் தேங்கிய சீழை வடிக்காமல் பெரிய கட்டி ஆறுவது கடினம். பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, 1893-ல், கிளாஸ்கோவின் வில்லியம் மெக்கெவன் 19 பேரின் மூளைச் சீழை அறுவையால் வடித்து 18 பேரைப் பிழைக்கவைத்ததாகப் பதிவு செய்தார். இன்றைய நடைமுறையில் குறுக்களவு இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டியதையும், நீர் அறையை ஒட்டி நிற்பதையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். முன்பு சொன்ன தொகுப்பாய்வின்படி, பத்தில் நான்கு பேர் இறந்த நிலை மாறி, அண்மைக் காலத்தில் பத்தில் ஒருவராகக் குறைந்திருக்கிறது. சி.டி. ஸ்கேனும் இந்த இரட்டை மருந்தும் அதில் பெரும் பங்கு பெற்றவை.

ஆறு வாரம் முடிந்து எடுக்கும் ஸ்கேனில் மெல்லிய வளையம் இன்னும் தெரியலாம், மூன்று முதல் ஆறு மாதம் வரைகூட. நோயாளி நலமாக இருந்து, வளையம் சுருங்கிக்கொண்டே போனால் அதற்காக மருந்தை நீட்ட வேண்டியதில்லை. நீட்டக் கூடாத இன்னொன்று காது அறுவைக்கான நாள். தலை சரியாகி வீட்டுக்குப் போன பிள்ளைக்குக் காதிலிருந்த செதில் பையும் அரித்த எலும்பும் அப்படியே இருந்தால் கிருமிகளின் வீடும் அப்படியே இருக்கிறது. உடல் நிலை தாங்கினால் மூளை அறுவையை ஒட்டியே, இல்லையென்றால் ஊசி மருந்து ஓடிக்கொண்டிருக்கும் வாரங்களுக்குள்ளேயே காதின் பின்னெலும்பைத் திறந்து சுத்தம் செய்துவிடுவது நல்லது. அந்த அறுவைக்கு முன் மறுகாதையும் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். சிலருக்கு அங்கேயும் அதே பை தொடங்கியிருக்கும்.